விற்க முடியாத வயலின்: பராகுவேயின் குப்பைமேட்டில் பிறந்த ஆர்க்கெஸ்ட்ரா

பராகுவே நாட்டின் 50,000 குவரானி நோட்டில் இருப்பது ஜனாதிபதியின் முகமும் அல்ல, தளபதியின் முகமும் அல்ல. அகஸ்தின் பாரியோஸ் என்ற கிட்டார் கலைஞரின் முகம். பண நோட்டில் இசைக்கலைஞரை அச்சடிக்கும் அளவுக்கு இசைமேல் ஆசை கொண்ட நாடு அது.

அதே நாட்டின் தலைநகரம் அசுன்சியோன். நகரத்தின் தென்கோடியில், குப்பை லாரிகள் எல்லாம் வந்து சேரும் ஆற்றங்கரைக்குப் பெயர் கதேயுரா. அங்கே குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஒரு குடும்பம் தன் குழந்தைக்கு வயலின் வாங்க நினைத்தால், அந்த வயலினின் விலை அவர்கள் குடியிருக்கும் வீட்டின் விலையைவிட அதிகம்.

இந்த ஒப்பீட்டைச் சொன்னவர் ஃபாவியோ சாவேஸ். கதேயுராவின் 'மறுசுழற்சி ஆர்க்கெஸ்ட்ரா'வை உருவாக்கியவர். தகர டப்பாவில் செய்த வயலினையும், எண்ணெய் டிரம்மில் செய்த செல்லோவையும் வாசிக்கும் அந்தக் குழந்தைகளின் வீடியோ ஒருநாள் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். பார்த்து நெகிழ்ந்து, ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். தகரத்தில் ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்கு 'காசு இல்லை, அதனால்' என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதிக்கு அசுன்சியோனின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிப் போக வேண்டும்.

மேட்டில் மாளிகை, பள்ளத்தில் குடிசை

கடலே இல்லாத நாடு பராகுவே. அங்கே எல்லாவற்றுக்கும் ஆறுதான். 1537ல் ஸ்பானியர்கள் பராகுவே ஆற்றின் ஓரமாக, கொஞ்சம் மேடான இடம் பார்த்துக் கோட்டை கட்டினார்கள். அப்படி வளர்ந்த ஊர் அசுன்சியோன். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தெருவில் பத்து பேர் போனால் பாதிப்பேர் கையில் தெர்மாஸ் குடுவை இருக்கும். உள்ளே ஐஸ் தண்ணீர். அதை யெர்பா மாத்தே இலைத்தூளில் ஊற்றி, உலோகக் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். 'தெரெரே' என்று பெயர். ஒரே குவளை, ஒரே குழாய், ஆளுக்கு ஆள் கை மாறும். கூடவே பேச்சும் ஸ்பானிஷில் தொடங்கி, சிரிப்பு வரும்போது குவரானி மொழிக்கு மாறிவிடும். பழங்குடிகளின் மொழியை நாட்டில் பெரும்பாலானோர் வீட்டிலும் சந்தையிலும் பேசுவது தென் அமெரிக்காவில் அபூர்வம். 1992ல் எழுதப்பட்ட அரசியல் சட்டப்படி ஸ்பானிஷும் குவரானியும் இரண்டுமே ஆட்சிமொழிகள்.

வெள்ளை வெளேரென்று நிற்கும் ஜனாதிபதி மாளிகைக்குப் பக்கத்தில் 'காணாமல் போனவர்களின் சதுக்கம்' இருக்கிறது. 1954 முதல் 1989 வரை நாட்டைப் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னருக்கு, நகரத்தின் தெற்கே லம்பாரே குன்றின் மேல் பெரிய சிலை இருந்தது. ஆட்சி போன பிறகு சிலையும் இறங்கியது. கார்லோஸ் கொலொம்பினோ என்ற கலைஞர் அதைத் துண்டு போட்டு, இரண்டு கான்கிரீட் கட்டிகளுக்கு நடுவே நசுங்கியதுபோல வைத்தார். முகமும் கையும் பிதுங்கிக்கொண்டு தெரியும். தூக்கிப் போட வேண்டியதிலிருந்து வேறொன்றைச் செய்துகொள்ளும் புத்தி இந்த ஊருக்குக் குப்பைமேட்டில் மட்டும் வந்தது அல்ல.

அந்தச் சதுக்கத்திலிருந்து சற்று நடந்தால் காபில்தோ என்ற பழைய அரசுக் கட்டடம் வரும். இப்போது அது அருங்காட்சியகம். அதன் பின்பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தால் காட்சி சட்டென்று மாறிவிடும். தகரக்கூரைகள், மரப்பலகைச் சுவர்கள், ஒருவர் போனால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். இதுதான் சக்கரீத்தா. ஆறு பொங்கினால் முதலில் நனைவது இங்கேதான். அரசு மாளிகைகள் மேட்டிலும், வேலைக்காரர்களின் வீடுகள் அதே மேட்டின் அடிவாரத்திலுமாக ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது.

சக்கரீத்தாவில் 1904ல் ஒரு பையன் பிறந்தான். அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். அப்பா மகனென்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அம்மாவின் குடும்பப் பெயரே அவனுக்கும் ஒட்டியது: ஹோசே அசுன்சியோன் ஃப்ளோரெஸ். சில்லறைத் திருட்டில் போலீஸிடம் மாட்டிக்கொண்ட அந்தப் பையனை போலீஸ் பேண்டில் சேர்த்துவிட்டார்கள். அங்கேதான் அவனுக்கு இசை எழுதவும் படிக்கவும் வந்தது. 1925ல் அவர் உருவாக்கிய 'குவரானியா' என்ற மெல்லிய, மெதுவான பாட்டு வகை இன்று பராகுவேயின் அடையாளம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் நடந்ததே அசுன்சியோனில்தான்.

ஆனால் ஃப்ளோரெஸ் தன் ஊரில் சாகவில்லை. ஒரு மாணவர் கொல்லப்பட்டதைக் கண்டித்து 1949ல் அரசு கொடுத்த விருதை வேண்டாமென்றார். பிறகு சர்வாதிகாரம் அவரை உள்ளே விடவில்லை. 1972ல் புவனோஸ் அயர்ஸில் இறந்தார். அவரது எச்சங்கள் ஊர் திரும்பியது 1991ல். அவனை ஒழுங்குபடுத்த போலீஸ் இசை சொல்லிக்கொடுத்தது. அவன் கேள்வி கேட்கும் ஆளாக வளர்ந்து நின்றான். 'ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தால் அடங்கி இருப்பார்கள்' என்று நினைப்பவர்கள் ஃப்ளோரெஸின் கதையை ஒருமுறை படிக்கலாம்.

கொக்கி வைத்திருப்பவர்கள்

சக்கரீத்தாவிலிருந்து ஆற்றோடு தெற்கே சில கிலோமீட்டர் போனால் பன்யாதோ சூர். 'பன்யாதோ' என்றால் நீர் தேங்கும் தாழ்நிலம், 'சூர்' என்றால் தெற்கு. ஸ்ட்ரோஸ்னர் சிலை நின்ற லம்பாரே குன்று பக்கத்தில் தெரியும். அந்தத் தாழ்நிலத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது கதேயுரா குப்பைக்கிடங்கு. ஒருநாளைக்கு 1,500 டன் என்று இந்த இடத்தைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரு எண் வரும். எண்ணைவிட, லாரி பின்பக்கத்தைத் தூக்கும்போது கூட்டம் ஓடிவருவதைப் படங்களில் பார்த்தால் விஷயம் சீக்கிரம் புரிகிறது.

அப்படி ஓடிவருபவர்களின் பெயர் 'கான்ச்செரோ'. ஸ்பானிஷில் கான்ச்சோ என்றால் கொக்கி. நீளக் கம்பியின் முனையில் கொக்கி வைத்துக் குப்பையைக் கிளறி பிளாஸ்டிக், அட்டை, அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாகப் பிரித்து எடைக்குப் போடுகிறார்கள். இரவிலும் வேலை உண்டு. அப்பா கிடங்கில், அம்மா கிடங்கில், பாட்டி கிடங்கில். பிள்ளைகள் வீட்டு வாசலில் அம்மா கொண்டுவந்த மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்குப் போகிற வயதில் கிடங்குக்குப் போய்விடுவதும் சாதாரணமாக நடந்தது.

2006ல் சாவேஸ் இங்கே வந்தது வயலினோடு அல்ல. அவர் சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் படித்தவர். கான்ச்செரோக்களுக்கு உதவும் மறுசுழற்சித் திட்டம் ஒன்றில் வேலை பார்க்க வந்தார். ஆனால் இசை அவருக்குப் பழக்கம். அசுன்சியோனுக்குத் தெற்கே உள்ள கராபெகுவா என்ற சிற்றூரில் ஏற்கெனவே ஒரு இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்த்ததும், தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கதேயுரா மக்கள் கேட்டார்கள். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லூயிஸ் சரான் என்ற பராகுவே இசை நடத்துநர் 2002ல் 'சோனிதோஸ் தே லா தியெர்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 'மண்ணின் ஓசைகள்' என்று பொருள். தலைநகரில் மட்டும் இருந்த இசைக்கல்வியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. பகலில் மொசார்ட் வாசிக்கும் பையன் இரவில் கண்ணாடி உடைக்க மாட்டான் என்பது சரானின் பிரபலமான வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழை வீட்டுப் பையன் என்றாலே கல்லும் கையுமாகத்தான் திரிவான் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருப்பதாகவும் தோன்றுகிறது. அது இருக்கட்டும். கராபெகுவாவிலும் கதேயுராவிலும் வகுப்புகள் முளைத்ததில் இந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு.

முள்கரண்டி, சாவி, எக்ஸ்ரே

வகுப்பு தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தன. பிள்ளைகளோ நாளுக்கு நாள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வயலினை வைத்துக்கொண்டு எத்தனை பேர் வரிசையில் நிற்பது? வகுப்பில் பத்து நிமிடம் வாசித்துவிட்டு, வீட்டில் பயிற்சி இல்லாமல் போனால் எந்தக் கருவியும் கைக்கு வராது.

சாவேஸுக்கு நிக்கோலாஸ் கோமெஸ் ஞாபகம் வந்தார். எல்லாரும் கூப்பிடுவது 'கோலா'. கான்ச்செரோ. தச்சுவேலை தெரிந்தவர். அதற்கு முன் அவர் வயலின் செய்தவர் அல்ல. மேஜை, நாற்காலி செய்த கைதான். கிடங்கில் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று சாவேஸ் கேட்டார். கோலா குப்பையை வேறு கண்ணோடு கிளறத் தொடங்கினார்.

அவர் கையிலும், பிறகு சேர்ந்துகொண்ட மற்ற கைவினைஞர்கள் கையிலும் பிறந்த கருவிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெயிண்ட் டப்பாவோ பசை டப்பாவோ வயலினின் வயிறாகும். பழைய மரப்பெட்டியின் பலகை அதற்குக் கழுத்து. தந்திகளின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்க சாப்பாட்டு மேஜையின் முள்கரண்டி. செல்லோவுக்கு எண்ணெய் டிரம். அதன் பிருடைகளில் ஒன்று ஒரு காலத்தில் இறைச்சியைத் தட்டி மென்மையாக்கும் சமையலறைக் கருவி. இன்னொன்று மாவு உருண்டைக்கு வரி போடும் கட்டை. சாக்ஸபோனுக்குத் தண்ணீர் இறங்கும் தகரக்குழாய். விரல் வைக்கும் பொத்தான்களுக்கு நாணயம், பாட்டில் மூடி, சாவி. டிரம்மின் தோலுக்கு ஆஸ்பத்திரி தூக்கியெறிந்த எக்ஸ்ரே ஃபிலிம். யாருடைய உடைந்த எலும்போ அங்கே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அழகுக்காக ஒட்டவைத்த பொருள் அதில் ஒன்றும் இல்லை. முள்கரண்டி வளையாது, அதனால் முள்கரண்டி. எக்ஸ்ரே ஃபிலிம் இழுத்தால் கிழியாது, அதனால் எக்ஸ்ரே. ஓசை எப்படி என்று கேட்டால், பளபளக்கும் கடை வயலினின் இனிமை இல்லை. கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். ஆனால் சுருதி நிற்கிறது. பாக் எழுதிய முதல் செல்லோ தொகுப்பின் தொடக்கத்தை ஒரு பையன் எண்ணெய் டிரம்மில் வாசிப்பதைக் கேட்டவர்கள் முதல் நிமிடத்துக்குப் பிறகு டிரம்மை மறந்துவிடுகிறார்கள்.

மீதிப் பாதிப் பதில்

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். கொடையாளர் யாராவது நல்ல வயலின்களை வாங்கி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

கதேயுராவில் தீராது. வீட்டைவிட விலை அதிகமான ஒரு பொருளை எட்டு வயதுப் பெண் பையில் போட்டுக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்கு நடந்து போகிறாள் என்று நினைத்துப் பாருங்கள். வழியில் பறித்துக்கொள்ள ஆள் இருக்கும். அதைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டால், இன்னொரு சோதனை காத்திருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, இந்த வாரம் எடைக்குப் போட ஒன்றும் இல்லை, அடுப்பு எரியவில்லை. மூலையில் ஒரு வயலின் சும்மா இருக்கிறது. அதை விற்க வேண்டாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? விற்றால் அது குற்றமா? பசித்த வீட்டில் விலையுள்ள எந்தப் பொருளும் நிலைக்காது. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

ஆனால் பெயிண்ட் டப்பா வயலினை யார் வாங்குவார்கள்? எடைக்குப் போட்டால் சில காசு தேறும், அவ்வளவுதான். திருடுவதில் லாபம் இல்லை. அடகு வைக்க முடியாது. அதனாலேயே குழந்தை அதைப் பயமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், இரவு வாசலில் உட்கார்ந்து பழகலாம், தம்பி கீழே போட்டாலும் தட்டி நிமிர்த்தலாம். சாவேஸ் பேட்டிகளில் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். வைரலான வீடியோக்கள் தகரத்தைப் பார்த்து வியந்தன. வெளியே விலைபோகாத, அந்தப் பிள்ளைக்கு மட்டும் மதிப்புள்ள ஒரு கருவி என்பதுதான் அந்த வயலினின் விசேஷம்.

இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். இசைவழி சமூக மாற்றம் என்று பேசும் பெரிய திட்டங்கள் பல தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லப்படும் வெனிசுவேலாவின் 'எல் சிஸ்தேமா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோசே அந்தோனியோ ஆப்ரியு 1975ல் காரகாஸ் நகரின் ஒரு கார் ஷெட்டில் 11 பேரோடு தொடங்கியது. பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். குஸ்தாவோ டூடாமெல் போன்ற உலகப் புகழ் நடத்துநர்கள் அங்கிருந்து வந்தார்கள். 2017ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 16 மையங்களில் 6 முதல் 14 வயதுள்ள 2,914 பிள்ளைகளைப் பார்த்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு முதலிலும் சிலருக்குப் பிறகும் இடம் கொடுத்து ஒப்பிட்டார்கள். சுயக்கட்டுப்பாடு கூடியது, வன்முறையைப் பார்த்து வளர்ந்த பையன்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது என்று முடிவுகள் காட்டின. நல்ல செய்தி.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. அந்த மாநிலங்களில் பிள்ளைகளின் வறுமை விகிதம் 46.5 சதவிகிதம். இசை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிடையே அது 16.7 சதவிகிதம். ஏழைகளுக்காகத் திறந்த கதவு வழியாக, கொஞ்சம் வசதி உள்ளவர்களே அதிகம் உள்ளே போயிருக்கிறார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை. பஸ் கட்டணம், கூட்டிப்போக ஆள், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த அம்மா என்று சின்னச் சின்னத் தடைகளே ஆளை வடிகட்டிவிடும்.

கதேயுராவின் வகுப்பு குப்பைக்கிடங்குக்குப் பக்கத்தில் நடந்தது. பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். கருவி செய்தவர் பக்கத்துத் தெரு மாமா. உடைந்தால் ஓடிப்போய் அவரிடமே கொடுக்கலாம். கொஞ்சம் தேறிய பிள்ளை புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. இவை எதற்கும் தனி நிதி தேவைப்படவில்லை. ஆனால் சாவேஸ் போன்ற ஒருவர் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியிருந்தது. நிதி கிடைப்பதைவிட அப்படி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

மெட்டாலிகாவும் வெள்ளமும்

2012 கடைசியில், தயாரிப்பில் இருந்த ஓர் ஆவணப்படத்தின் சில நிமிட முன்னோட்டம் இணையத்தில் வந்தது. பிறகு நடந்தது தெரிந்த கதை. அழைப்புகள் குவிந்தன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர இசைக்கருவி அருங்காட்சியகம் இவர்களின் கருவிகளைக் காட்சிக்கு வைத்தது. 2014ல் மெட்டாலிகா இசைக்குழு தன் தென் அமெரிக்கப் பயணத்தில் இவர்களை முன்னால் மேடையேற்றியது. ஸ்டேடியம் நிறைய கறுப்பு டி-ஷர்ட் கூட்டம், மேடையில் தகர வயலினோடு பள்ளிப் பிள்ளைகள்! 'லேண்ட்ஃபில் ஹார்மோனிக்' என்ற அந்தப் படம் 2015ல் வெளியாகி விருதுகளும் வாங்கியது.

அதற்கிடையே 2014ல் பராகுவே ஆறு பொங்கியது. தாழ்நிலங்களில் இருந்த பல்லாயிரக்கணக்கானோர் பலகையையும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். சதுக்கங்களிலும் சாலையோரங்களிலும் ஒட்டுக்குடிசைகள் முளைத்தன. கதேயுராவும் தப்பவில்லை. வெளிநாட்டு மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டுத் திரும்பிய பிள்ளைகளின் வீடுகளில் ஆற்றுத் தண்ணீர் நின்றது. படத்தைப் பார்த்தவர்கள் மறக்காத பகுதி அதுதான். 2015 கடைசியிலும் 2019லும் ஆறு மறுபடி வந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். உலகம் கைதட்டியதில் ஊருக்கு என்ன வந்தது? கச்சேரிப் பணத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, சில குடும்பங்களுக்கு வீடு, இசைப்பள்ளிக்கு நல்ல இடம் என்று வந்திருக்கிறது. முதலில் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகம் வரை போனார்கள். சிலர் அங்கேயே ஆசிரியர்கள் ஆனார்கள். எல்லாரையும் இசைக்கலைஞர் ஆக்குவது தன் நோக்கமே இல்லை என்று சாவேஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டுக்காக ஆறு மாதம் காத்திருக்கத் தெரிந்த பிள்ளை, அடுத்த வேளைக்கு மேல் யோசிக்கப் பழகிவிடுகிறது என்பது அவர் பார்வை. அன்றன்றைக்குக் கிடைத்ததை அன்றன்றைக்கு எடைக்குப் போட்டு வாழும் இடத்தில் 'அடுத்த மாதம்' என்ற சொல்லே புதிது.

ஆனால் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஏன் குப்பைக்கிடங்கு, தாழ்நிலத்தில் ஏன் இத்தனை குடும்பங்கள், கான்ச்செரோவுக்கு ஏன் காப்பீடு இல்லை என்ற கேள்விகளுக்கு வயலின் பதில் சொல்லாது. சொல்ல வேண்டியவர்கள் மேட்டில் இருக்கும் மாளிகைகளில் இருக்கிறார்கள். ஏழ்மையிலும் எவ்வளவு அழகாக வாசிக்கிறார்கள் பார் என்று வியக்கும் வீடியோ, ஏழ்மையையும் சேர்த்து அழகாக்கிவிடும் ஆபத்து உண்டு. வெனிசுவேலாவின் ஆர்க்கெஸ்ட்ராக்களைப் பற்றி 2014ல் புத்தகம் எழுதிய ஜெஃப்ரி பேக்கர் என்ற ஆய்வாளர் இன்னும் கடுமையாகக் கேட்டார்: நடத்துநர் கோலைத் தூக்கினால் எல்லாரும் கீழ்ப்படியும் ஓர் அமைப்பு, பிள்ளைகளுக்கு விடுதலையைக் கற்றுத் தருகிறதா, கட்டுப்பாட்டையா?

பராகுவேக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அசுன்சியோனிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போனால், திரினிதாத் என்ற ஊரில் செங்கல் நிறக் கற்சுவர்கள் புல்வெளி நடுவே நிற்கும். ஏசு சபைத் துறவிகள் 1706ல் நிறுவிய குடியிருப்பின் இடிபாடு. 1993ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கூரை போன தேவாலயச் சுவரின் மேற்பட்டையில் வரிசையாகத் தேவதூதர்கள் இசைக்கருவி வாசிக்கும் சிற்பங்கள் இருக்கின்றன. செதுக்கியவர்கள் குவரானிகள். துறவிகள் அவர்களுக்கு ஐரோப்பிய இசையோடு வயலினும் ஹார்ப்பும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு மணியடித்தால் எழுவதையும், மணியடித்தால் வேலைக்குப் போவதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். 1767ல் ஸ்பானிய மன்னர் துறவிகளைத் தன் நாடுகளிலிருந்து வெளியேற்றினார். குடியிருப்புகள் காலியாயின. ஆனால் ஹார்ப் போகவில்லை. பராகுவேக்காரர்கள் அதைத் தங்கள் விரலுக்கும் தோளுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டு, இன்று தேசிய இசைக்கருவி என்கிறார்கள். கற்றுக்கொடுத்தவர் எதை நினைத்துக் கொடுத்தார் என்பதும், கற்றவர் கையில் அது என்ன ஆனது என்பதும் பல நேரம் வேறு வேறு.

கதேயுரா கிடங்கை மூட வேண்டும் என்ற பேச்சு அசுன்சியோனில் பல வருடங்களாக அடிபடுகிறது. மூடினால் நாற்றம் போகும், ஆற்றுக்குள் அழுக்கு கசிவது குறையும். கூடவே கான்ச்செரோக்களின் வருமானமும் போகும். சுற்றுச்சூழல்காரர்களுக்கும் கொக்கிக்காரர்களுக்கும் நடுவே நிற்கும் இந்தக் கேள்வி, 2006ல் சாவேஸை அங்கே வரவைத்த அதே கேள்வி. இன்னும் முடிவாகவில்லை.

ஃபீனிக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் தகர வயலின்கள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கதேயுராவில் இருப்பவை அடிக்கடி நெளிகின்றன, பிருடை வழுக்குகிறது, ஒட்டு விடுகிறது. யாராவது ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு சந்து வழியாக மரத்தூள் வாசம் வரும் வீட்டை நோக்கி ஓடுகிறது. எதிரே குப்பை லாரி வந்தால், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுவிட்டு.